மாரியில் கார்ப் படுமா? ட்ரெண்ட் ஆறும் நம் படுவான்கரையும்

மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் பிறந்து இப்போது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோடையில் ட்ரெண்ட் ஆற்றில் நன்றாகக் கார்ப் மீன் பிடித்தவருக்கு, கார்த்திகை பிறந்ததும் தூண்டில் அசையவே இல்லையாம். மார்கழிக் கடைசியில் ஊருக்கு வந்து தைப்பொங்கல் முடியும்வரை நிற்கப்போகிறார். "அங்கே குளிர் இல்லைதானே அண்ணா, இதே சாமான்களோடு வந்தால் நம்முடைய ஆறுகளில் கார்ப் படுமா?" என்பது அவர் கேள்வி.

படும் தம்பி. ஆனால் ட்ரெண்டில் போடுகிற மாதிரி இங்கே போட்டால் படாது. இங்கே போடுகிற மாதிரி அங்கே போட்டாலும் படாது. அங்கே குளிர்காலத்தில் கார்ப் எங்கே போய் ஒதுங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம், அதற்குப் பசிதான் இருக்காது. இங்கே மாரியில் பசிக்குக் குறைவில்லை, நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது. இரை, இடம், நேரம் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நானும் சில வருடங்கள் அந்த நாட்டில் இருந்து இரண்டு நீரிலும் தூண்டில் போட்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ட்ரெண்ட். மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு தனியாக இல்லை, நீரின் சூடுதான் அதன் சூடு. நீர் 20 பாகை செல்சியஸில் இருந்தால் கார்ப் பகல் இரவு பார்க்காமல் தின்னும். 10 பாகைக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிவிடும். 4, 5 பாகையில் நாள்கணக்கில் வாயைத் திறக்காமலே கிடக்கும். கார்ப்புக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தொண்டையில் உள்ள பற்களால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பும். குளிரில் குடல் மெதுவானால், உள்ளே போனது கழியும்வரை அடுத்த வாய்க்கு அது அவசரப்படாது. கோடையில் செய்தது போல வாளிக்கணக்கில் இரை தூவினீர்கள் என்றால், தூவியதில் இரண்டு வாய் தின்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், உங்கள் முள்ளில் இருப்பது அப்படியே இருக்கும்.

ஆகவே குளிரில் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு கைப்பிடி இனிப்புச் சோளமோ ஈப்புழுவோ போதும். முள்ளில் இரண்டு சோளம், அல்லது விரல்நகம் அளவு பாண் துண்டு. மீனெண்ணெய் சேர்ந்த பெரிய உருண்டைகளைக் கோடைக்கு எடுத்து வையுங்கள். குளிரில் எண்ணெய் இறுகிவிடும், மணம் பரவாது. வெப்பமானி ஒன்றைக் கட்டாயம் பையில் வைத்திருங்கள். அன்றைய அளவை விட, மூன்று நாளாக ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். 6 பாகையிலிருந்து 8க்கு ஏறிக்கொண்டிருக்கும் ஆறு, 11இலிருந்து 8க்கு இறங்கிக்கொண்டிருக்கும் ஆற்றை விட எவ்வளவோ மேல். தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்றும் மழையும் வந்து, ஆறு பெருகி, அது வடியத் தொடங்கும்போது கொஞ்சம் கலங்கலோடு இருக்கும் நாட்கள்தான் குளிர்காலத்தின் நல்ல நாட்கள். பனி உருகி வரும் நீர் என்றால் வீட்டிலேயே இருங்கள்.

இடம் என்றால், நீரோட்டம் தாக்காத வளைவின் உட்புறம், படகுத்துறைகள், பீஸ்டன் பக்கம் உள்ள கால்வாய் வெட்டு மாதிரியான அமைதியான தண்ணீர். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் வலு குளிரில் மீனுக்கு மிச்சமில்லை, அதனால் சும்மா கிடக்கக்கூடிய இடத்தைத்தான் அது தேடும். பழைய ஆட்கள் மின்நிலையங்களிலிருந்து சுடுநீர் விழுந்த இடங்களில் குளிர்காலம் முழுக்கப் பிடித்த கதைகளைச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ட்ரெண்ட் கரை நிலக்கரி நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் ராட்கிளிஃபும் 2024 செப்டம்பர் 30இல் நின்றுவிட்டது. அந்தக் கதைகளை நம்பி இடம் தேட வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு இருட்டும்வரை உட்காருங்கள். மீன் இழுத்துக்கொண்டு ஓடாது, நூல் ஒரு விரற்கடை அசையும், அதுதான் கடி. பிடித்த மீனை உறைபனிக் காற்றில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், செவுள் பழுதாகிவிடும். ஆற்றில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மூடிய காலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, இனி ஊருக்கு வருவோம்.

மட்டக்களப்பில் மார்கழி, தை மாதங்களிலும் குளத்து நீர் 25 பாகை அளவில்தான் இருக்கும். நாங்கள் வாடைக்காற்றுக்குப் போர்வை தேடுவோம், மீனுக்கு அது குளிரே இல்லை. நம் பக்கம் விளையாடுவது மழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வந்தால் உன்னிச்சை, நவகிரிக் குளங்களில் மிகுநீர் வெளியேறும் வான்கதவைத் திறப்பார்கள். முந்தேனி ஆறு கரை தாண்டும், கிரான் பாலத்தில் போக்குவரத்து நிற்கும், கிட்டங்கித் தாம்போதி நீருக்குள் போகும். இந்த நாட்களில் ஆற்றில் தூண்டில் போடுவதில் எந்தப் பயனும் இல்லை. நீர் பால்தேநீர் நிறத்தில் ஓடும், அடியில் மணலும் செத்தையும் உருளும், ஈயம் ஓரிடத்தில் நிற்காது. மீனும் அந்த ஓட்டத்தில் நிற்பதில்லை. மருதமர வேர்களுக்குள்ளும், நீர் ஏறிய புல்வெளிகளுக்கும், பக்கத்து வில்லுகள் என்னும் தாழ்நிலச் சதுப்புகளுக்கும் ஒதுங்கிவிடும்.

அதோடு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. கார்ப் இந்த மண்ணின் மீன் இல்லை. சாதாரண கார்ப் 1915இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ரோகுவும் மிரிகாலும் இந்தியாவிலிருந்து வந்தவை. இந்திய இனங்கள் முட்டையிட ஓடும் பெருவெள்ளம் வேண்டும். குளத்தில் அவை பெரும்பாலும் தாமாகப் பெருகுவதில்லை, குஞ்சு விட்டால்தான் உண்டு. 1990இலிருந்து 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தது, நம் பக்கம் யுத்தமும் சேர்ந்துகொண்டது. பிறகு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலையிலேயே அதற்கு ஒரு குஞ்சு உற்பத்தி நிலையம் இருக்கிறது. குளங்களில் விடும் குஞ்சுதான் வளர்ந்து, வான் பாயும்போது தப்பி ஆற்றுக்கு வருகிறது. ஆகவே நம் ஊரில் "ஆற்றுக் கார்ப்" என்பது குளத்திலிருந்து இறங்கி வந்த மீன். மேலே குஞ்சு விட்ட குளம் இல்லாத ஓடையில் கார்ப்புக்காகக் காத்திருந்தால் திலாப்பியாவும் கெளுத்தியும்தான் வரும்.

மட்டக்களப்பு வாவியிலும் தேடாதீர்கள். பெருவெள்ளத்தில் வாவி ஏறக்குறைய நன்னீராகும்போது சில கார்ப் இறங்கி வருவது உண்டு. பாலமீன்மடு முகத்துவாரம் வெட்டுப்பட்டு உப்பு ஏறியதும் அவற்றால் அங்கே நிற்க முடியாது. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூர் இறங்கி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து கார்ப்புக்குக் கிட்டிய வழி அதுதான்.

இப்போது நாள் பார்க்கும் விஷயம். மழை விட்டு, வான்கதவு மூடி, நீர் வடியத் தொடங்கி இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கரையில் ஒரு கம்பை நட்டு, நீர் தொடும் இடத்தில் கீறி விடுங்கள். காலையில் வந்து பார்க்க நீர் கீறலுக்குக் கீழே மெதுவாக இறங்கியிருந்தால் நல்லது. அப்புறம் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிகிறது என்றால் தூண்டிலை எடுக்கலாம். மணிக்கட்டோடு கை மறைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டால் மீன் உங்களையும் பார்க்கும், அப்போது விடியலும் அந்திக்கு முந்திய நேரமும்தான் மிஞ்சும். என் கணிப்பில் பொங்கலை ஒட்டிய நாட்கள் உங்களுக்குச் சரியாக அமையக்கூடும், ஆனால் நாட்காட்டியைப் பார்த்து வராதீர்கள், தண்ணீரைப் பார்த்து வாருங்கள். பொங்கலன்று வெள்ளம் நின்ற வருடமும் உண்டு. 2011 தை மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டமே நீருக்குள் இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

ஆற்றை விடக் குளத்தின் மேல்கரைதான் எனக்குப் பிடித்த இடம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றும்போது வெளியே வரும் தரையில் புல் முளைக்கும், மாடு மேயும், சாணி விழும். மாரியில் அந்தத் தரை முழுவதையும் நீர் மூடும்போது புழுக்களும் பூச்சிகளும் வெளியே வரும், சாணி கரைந்து நுண்ணுயிர் பெருகும். கார்ப் ஆழத்தை விட்டுவிட்டு முழங்கால் அளவு நீருக்கு வந்து மேயும். புல் நுனிகள் காற்றில்லாமல் நடுங்குவதை வைத்து அது நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சேற்றைக் கிண்டும்போது சிறு சிறு குமிழிகள் வரிசையாக எழும். நூறு யார் தூரம் எறிகிற உங்கள் கம்புக்கு இங்கே வேலையே இல்லை தம்பி. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போட்டால் போதும்.

ஆனால் சத்தம் ஆகாது. கார்ப் இனத்துக்குக் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை அதிர்வைக் கடத்தும் சிறு எலும்புத் தொடர் ஒன்று உண்டு. கரையில் நீங்கள் செருப்பால் மிதிப்பதும், வாளியைத் தொப்பென்று வைப்பதும் அதற்கு நன்றாகக் கேட்கும். வெறுங்காலுடன் வந்து, கரையிலிருந்து ஐந்தாறு அடி பின்தள்ளி உட்காருங்கள்.

எந்த மீன் என்பதை அதன் வாயைப் பார்த்தே முடிவு செய்யலாம். சாதாரண கார்ப்புக்கு வாயோரம் இரண்டு சோடி மீசை, அடியைக் கிண்டித் தின்னும். மிரிகாலும் அடி மீன்தான். ரோகு நடுநீரில் திரிந்து, தும்பு போன்ற உதட்டால் பாசியையும் செடியையும் மென்று தின்னும், அடிக்கும் வரும். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்நீர் மீன். வெள்ளிக் கார்ப்பும் பெருந்தலைக் கார்ப்பும் நீரை வடிகட்டித் தின்பவை, தூண்டிலில் அவற்றை எதிர்பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். கலங்கல் இருக்கும்வரை மண்புழுவை மிஞ்ச ஒன்றும் இல்லை, மீன் கண்ணால் தேடுவதில்லை, மீசையாலும் சுவையாலும் தேடுகிறது. தேங்காய்ப் புண்ணாக்கை இரவு ஊறவைத்து, காலையில் தவிடும் கொஞ்சம் கோதுமை மாவும் சேர்த்து எலுமிச்சங்காய் அளவு உருண்டை பிடித்து, நாலைந்து போடுங்கள். புளித்த மணம் கலங்கல் நீரிலும் தூரம் போகும். அங்கே கைப்பிடி என்று சொன்னேன். இங்கே தாராளமாகவே போடலாம். 25 பாகை நீரில் மீன் தின்றது சீக்கிரம் கழிந்துவிடும், திரும்பவும் தேடி வரும். தூவியது குறைவென்றால் திலாப்பியாக் கூட்டம் வந்து துடைத்துவிட்டுப் போகும். நீர் தெளியத் தெளிய அவித்த சோளம், பாண், பிசைந்த மா என்று மாறுங்கள். அவித்த முழுச் சோளத்தைச் சின்ன மீன்கள் எளிதில் கொத்திக் கலைக்காது, அதனால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். கட்லாவுக்கு மட்டும் முறை வேறு. தவிட்டை மேலே தூவி, தக்கைக்குக் கீழே ஒரு முழத்தில் மென்மையான மா உருண்டை.

சாமான் எளிமையாக இருக்கட்டும். 12 முதல் 15 இறாத்தல் வலுவுள்ள தங்கூசி, தடித்த கம்பியில் செய்த முள், ஒரு தக்கை, சிறு ஈயம். மருதமர வேரும் முட்கம்பி வேலியும் நீருக்குள் இருக்கும், மெல்லிய நூல் நிற்காது. உங்கள் அலாரமும் தாங்கிகளும் அங்கேயே இருக்கட்டும், அத்தாங்கு ஒன்றை ஊரில் வாங்கிக்கொள்ளலாம். ஆற்றுவாழை மண்டிய இடத்தில் நடுவே போடாதீர்கள். அதன் அடியில் ஒட்சிசன் குறைவு, மீன் ஓரத்தில்தான் நிற்கும்.

இனிச் சொல்வது மீனை விட முக்கியம். வான் பாயும் இடத்தில் இறங்காதீர்கள். அத்தாங்கோடும் வீச்சுவலையோடும் சனம் நிற்பதைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வரும். அங்கே கால் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. நீர் தாண்டிப் பாயும் தாம்போதியில் வாகனத்தையும் விடாதீர்கள். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போய், அதில் வந்த மாணவர்களின் உயிர் போனது. அந்த நீர் பார்க்க ஆழமாகத் தெரிந்திருக்காது. முதலை வெள்ளத்தோடு இடம் மாறும். வழக்கமாக இல்லாத வாய்க்காலிலும் மாரியில் இருக்கும், அதனால் நீருக்குள் நின்று தூண்டில் போடும் உங்கள் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். படுவான்கரையில் அந்திக்குப் பிறகு யானை இறங்கும். நான் ஐந்து மணிக்கே சாமானைக் கட்டிவிடுவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். காலில் புண் இருந்தால் வயல் நீரில் இறங்க வேண்டாம், மாரியில் எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான். வயலுக்கு இறங்குபவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் தடுப்பு மாத்திரை கொடுக்கிற வழக்கம் உண்டு, வந்ததும் விசாரியுங்கள்.

குளத்தில் போடுவதற்கு முன் அந்தக் குளத்து மீனவர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். குஞ்சு விடுவதும் காவல் பார்ப்பதும் அவர்கள், அது அவர்களுடைய சோறு. மரியாதையாகக் கேட்டால் எங்கே மீன் மேய்கிறது என்றும் காட்டுவார்கள். சேனாநாயக்க சமுத்திரத்தைச் சுற்றி கல்லோயாத் தேசியப் பூங்கா இருக்கிறது, அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. இன்னொரு வேண்டுகோள். முதல் வெள்ளத்தில் நம்முடைய சிறு கெண்டைகளும் மற்ற நாட்டு மீன்களும் முட்டையோடு வாய்க்காலில் எதிர்த்து ஏறும். அவற்றைக் கரப்பு வைத்து அள்ளுவது எனக்கு மனம் ஒப்பாத வேலை. கார்ப்புக்கு அடுத்த வருடமும் குஞ்சு விடுவார்கள், இவற்றுக்கு யாரும் விடப்போவதில்லை. முள்ளில் மாட்டினால் மெதுவாகக் கழற்றி விட்டுவிடுங்கள்.

அங்கே பிடித்த மீனைத் திரும்ப விடுவீர்கள். இங்கே வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் அம்மா ஏசுவார், ஆகவே சமையலையும் சொல்லிவிடுகிறேன். குளத்து மீனின் மண்வாடை சேற்றைத் தின்பதால் மட்டும் வருவதில்லை. நீலப்பச்சைப் பாசியும் சில பக்டீரியாவும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் கொழுப்பில் படிவதால் வருவது. புளிப்பில் அது உடையும். தோலையும் வயிற்றுக் கறுப்புச் சவ்வையும் எடுத்துவிட்டு, எலுமிச்சம்புளியும் உப்பும் மஞ்சளும் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். கழுவிவிட்டு, கொறுக்காய்ப்புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தால் வாடை இருந்த இடம் தெரியாது. ரோகுவில் கவர்முள் அதிகம். பொரிப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் கத்தியால் நெருக்கமாகக் கீறி, நன்றாக முறுக விட்டு எடுங்கள், முள்ளும் சேர்ந்து பொரிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வால் பக்கத்துத் துண்டைக் கொடுக்காமல் வயிற்றுப் பக்கத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.